எட்டில் ஒரு சுற்று

அண்ணாவைக் கொண்டுபோன மறுநாள் நான் ஸ்பிண்டிலைத் திறந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து வரும் வழியில், கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கிட்ட, இலக்கத்தகடு இல்லாத வானில் அவரை ஏற்றினார்கள். நான் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஒருவன் தலைமயிரைப் பிடித்தான். மற்றவன் முழங்காலால் வயிற்றில் இடித்தான். அண்ணா மடிந்தபோது கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி வீதியில் விழுந்து திறந்தது. வானின் கதவு மூடியது. எல்லாம் பத்து செக்கனுக்குள். நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், குரல் வராது. நான் செய்தது பெட்டியைப் பொறுக்கி மூடியதுதான்.

அது கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடிரவாகப் பஸ்களில் ஏற்றி வடக்கே அனுப்பிய மாதத்துக்கு அடுத்த மாதம். இரண்டாயிரத்து ஏழு, ஜூலை. அம்மா ஏறாத அலுவலகப் படி இல்லை. நான் வேர்க்ஷொப்புக்குப் போனேன்.

வேர்க்ஷொப் எங்கள் முதலாளி நிலாம் நானாவுடையது. ஜிந்துப்பிட்டிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், இரண்டு களஞ்சியங்களுக்கு நடுவே. உள்ளே ஒரு துளையிடும் மெசின், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய வைஸ் பூட்டிய மேசை, பழையதாக வாங்கிய, புரோகிராம்படி வெட்டும் சின்ன சி.என்.சி. லேத். லேத்தை ஓட்டுவது என் அண்ணா நோபேட். அதற்கு புரோகிராம் எழுதுவது நான். பௌதிகவியலில் பட்டம் எடுத்து இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளை அண்ணாதான் கூட்டிவந்தார். நேர்க்கோடு என்றால் அவரே எழுதுவார். வளைவு வந்தால், "பிறிஜெற், இதுக்குக் கொஞ்சம் உன்ர மூளையைத் தா" என்று தாளை என் பக்கம் தள்ளுவார். வளைவு அவருக்கு எழுத வராது. அது அந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

மே மாதத்திலிருந்து லேத் சரியில்லை. ஸ்பிண்டில் என்பது இரும்புத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் தண்டு. அது சுத்தமாகச் சுழன்றால் வெட்டிய மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். எங்களுடையது ஆயிரத்து இருநூறு சுற்றைத் தாண்டினால் உறுமியது. துண்டுகளில் நீரலை போன்ற வரிகள் விழுந்தன. விரல் நகத்தால் இழுத்தால் கரகரவென்றது. அண்ணா வெட்டும் டூலை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார், மெசினின் காலுக்கு ஆப்பு வைத்தார். வரிகள் போகவில்லை. திருப்பி வந்த சாமான் ஒரு பெட்டி நிறைந்தது.

நான் வெள்ளிக்கிழமை அதை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டினேன். உறுமல் இல்லை. ஆக மோட்டார் அல்ல. பெல்ட்டைத் திருப்பிப் போட்டு, துண்டைக் கவ்வும் சக்கில் ஒன்றும் வைக்காமல் ஓட்டினேன். உறுமல் இருந்தது. ஆக டூலும் அல்ல, துண்டும் அல்ல. அடுத்ததற்கு டயல் கேஜ் வேண்டும், தலைமயிரில் ஒரு பங்கு அசைந்தாலும் ஊசி காட்டும் கருவி. எங்களிடம் இருந்தது விழுந்து உடைந்துவிட்டது. நிலாம் நானா தெமட்டகொடைக்குப் போன் பண்ண, அங்கே வேர்க்ஷொப் வைத்திருக்கும் ஹுசைன் தானே மோட்டர்சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அவரிடம் எங்களுடையதைவிடப் புதிய லேத் இருந்தது. ஆனாலும் எங்களைப் போட்டியாக நினைத்ததில்லை. அண்ணாவைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"வெச்சிக்கோங்க தங்கச்சி. அவசரமில்ல. நோபேட் வந்தப்பொறகு அவரே கொண்டாந்து தரட்டும்" என்றார்.

கருவி ஒரு மரப்பெட்டியில் இருந்தது. மூடியில் சிவப்புப் பெயின்றால், ஆங்கில எழுத்தில், ஹுசைன், தெமட்டகொடை என்று எழுதியிருந்தது.

ஊசியை ஸ்பிண்டிலின் மூக்கில் வைத்து, கீழிருந்து மரக்கட்டையால் நெம்பினேன். ஊசி மூன்று கோடு ஏறியது. கையை எடுத்ததும் மூன்று கோடு இறங்கியது. அதாவது தண்டு தன் பெயாரிங்குக்குள் ஆடுகிறது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெயாரிங்கை இறுக்கிப் பிடிக்கும் வளைய நட் தானாகத் தளர்ந்திருந்தது. அதைப் பூட்டிவைக்கும் சின்ன ஆணி தேய்ந்துபோய்ப் பிடிக்கவில்லை. புதுக் கிறீஸ் வைத்தேன். கொக்கி ஸ்பனரைப் போட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டி நட்டை இறுக்கினேன். எட்டில் ஒரு சுற்று. முழுச் சுற்றில் எட்டிலொரு பங்கு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆணியின் நுனிக்குப் பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி வைத்து இறுக்கினேன். முன்னூறு சுற்றில் இருபது நிமிடம், அறுநூறில் இருபது நிமிடம், தொள்ளாயிரத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். சனிக்கிழமை பின்னேரம் ஒரு அலுமினியத் துண்டை வெட்டினேன். அதில் என் முகம் தெரிந்தது.

நிலாம் நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "புள்ள, நோபேட் வந்து பாத்தா மெசினக் கட்டிப்பிடிப்பான்" என்றார். நான் அன்று முதல் தடவையாக அழுதேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அண்ணாவைக் கொண்டுவந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். கட்டம் போட்ட சேட் அணிந்தவன்தான் பெரியவன். மற்ற இருவரும் அவனைச் சேர் என்றார்கள். இரண்டாவது ஒரு இளந்தாரி, சேட்டுக்குக் கீழே இடுப்பில் சொருகிய கைத்துவக்கு புடைத்துக்கொண்டு நின்றது. மூன்றாவது அறுபது வயதிருக்கும் ஒரு மனிதர், கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார். நகங்களுக்குள் எண்ணெய்க் கறுப்பு. தொழில் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிடுவதுபோல அவரை பாஸ் என்று கூப்பிட்டார்கள். மெசின் தெரிந்தவர் என்பதற்காகக் கூட்டிவந்திருந்தார்கள்.

அண்ணாவின் இடக்கண் மூடி வீங்கியிருந்தது. கீழுதடு பிளந்து காய்ந்திருந்தது. வியாழக்கிழமை போட்டிருந்த அதே சேட். நின்ற நிலையில் ஆடிக்கொண்டிருந்தார்.

கட்டச் சேட்டுக்காரன் பையிலிருந்து ஒரு அலுமினியக் கூம்பை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளங்கை அளவு, நுனி உருண்டது. கண்டதும் எனக்குத் தெரிந்தது. மாசி மாதத்தில் நாங்கள் வெட்டிய நாற்பதில் ஒன்று. வள்ளத்தின் பின்விசிறிக்குப் போடும் நட் என்று சொல்லி ஒருவர் வரைபடம் கொண்டுவந்தார். அப்படியான நட்டில் குறுக்கே ஒரு துளை இருக்கவேண்டும், கழன்றுபோகாமல் முள் போடுவதற்கு. வரைபடத்தில் துளை இல்லை; துளையில்லாவிட்டால் அது விசிறிக்கு ஆகாது, குண்டின் மூக்குக்கு ஆகும். நான் அதைக் கவனித்தேன். அந்த மனிதர் இரண்டு முழத் தூரத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. துளையில்லாமலே வளைவை எழுதிக்கொடுத்தேன்.

"இந்த மெசின் வேலை செய்யுதா?" என்று கட்டச் சேட்டுக்காரன் சிங்களத்தில் கேட்டான்.

யார் கேட்டாலும் நிலாம் நானா சொல்லும் பதில் ஒன்றுதான். "பஸ்ட் கிளாஸ் சேர். சனிக்கிழமதான் இந்தப் புள்ள..."

கட்டச் சேட்டுக்காரன் கூம்பை எடுத்து அண்ணாவின் காதுப்பக்கம் அடித்தான். அண்ணா துளையிடும் மெசினில் மோதி விழுந்தார். இளந்தாரி அவரைத் தூக்கி நிறுத்தினான். காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வந்தது.

"நாலு நாளா எனக்கு என்ன சொன்னாய்? மெசின் ஒரு வருசமாப் பழுது, அதில ஒண்டும் சுத்தமா வராது, இப்பிடி ஒரு சாமான் அதால செய்யவே ஏலாது எண்டு. சொன்னாயா இல்லையா?"

"சொன்னனான், சேர்."

அண்ணா திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வளைவை யார் எழுதியது என்பது. அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லாமல் இருக்க அவர் நாலு நாளாக மெசினின் பழுதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். அந்த நாலு நாளில் நான் இங்கே இருந்து அந்தப் பழுதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இல்லை சேர்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"சனிக்கிழமை சரிவந்தது. இண்டைக்குக் காலமை திரும்பவும் பழுதாப் போச்சுது. நானாவுக்குத் தெரியாது."

நிலாம் நானா வாயை மூடித் திறந்தார். "ஓம் சேர். நான் இப்பதான் வந்த."

"நீ ஆர்?"

"இவற்ற தங்கச்சி. பில் எழுதுறனான்."

கட்டச் சேட்டுக்காரன் சிரித்தான். "நல்ல மெசின். எங்களைக் கண்டதும் காய்ச்சல் வந்திட்டுது" என்று பாஸைப் பார்த்துச் சொன்னான். பாஸ் சிரிக்கவில்லை. மெசினின் தலைப்பாகத்தைக் கையால் தடவிக்கொண்டு, "ஓட்டிப் பாப்பம்" என்றார்.

"மெயின் சுவிச் பின்னால. நான் போடுறன்" என்றேன்.

மெசினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். இளந்தாரி எட்டிப் பார்த்தான். அவனால் அதற்குள் நுழைய முடியாது. "போ" என்றான். நான் பக்கவாட்டாக உள்ளே புகுந்தேன்.

பின்மூடியை நான் இன்னும் திருப்பிப் பூட்டியிருக்கவில்லை. கொக்கி ஸ்பனர் சுவர் ஆணியில் தொங்கியது. சுத்தியல் சனிக்கிழமை வைத்த இடத்திலேயே கிடந்தது. பூட்டாணியைச் சத்தமில்லாமல் தளர்த்தினேன். ஸ்பனரை நட்டில் கொளுவி முழுப் பலத்தோடு இழுத்தேன். அசையவில்லை. நானே தட்டித் தட்டி இறுக்கியது. தட்டினால்தான் கழலும். தட்டினால் கேட்கும்.

அந்தப் பக்கம் கட்டச் சேட்டுக்காரன் சொன்னது கேட்டது. "சுவிச் போடும்வரைக்கும் சும்மா நிக்கிறதா? கையைக் கொண்டா."

வைஸின் பிடி இரும்பில் உரசும் சத்தம் எனக்குப் பழக்கமானது. நான் நாளுக்கு நூறு தடவை கேட்பது. அது ஒரு சுற்று, இரண்டு சுற்று, தளர்வாக வந்து, பிறகு எதையோ தொட்டு நின்றது.

"இதைச் செய்தது ஆர்?"

"தெரியாது சேர்."

பிடி காற்சுற்று போனது. அண்ணா கத்தினார்.

நான் தட்டினேன். நட் அசையவில்லை.

"ஆர்?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

மறுபடி பிடி போனது. எலும்பு நொறுங்கும் சத்தம் பச்சை விறகு முறிவதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கற்கண்டைக் கடிப்பதுபோல இருந்தது. அதற்கு மேலே அண்ணாவின் குரல். நான் தட்டினேன். நட் மயிரளவு நகர்ந்தது.

மூன்றாம் முறை கேள்வி வந்தது. பிடி போனது. அண்ணா கத்தவில்லை. பல்லைக் கடித்திருக்கவேண்டும். மூச்சு மட்டும் மூக்கால் சீறி வந்தது. நான் சுத்தியலை ஓங்கியபடி நின்றேன். கத்து அண்ணா, என்று நினைத்தேன். கடவுளே, அவரைக் கத்தவை என்று மன்றாடினேன்.

அவர் கத்தினார், நீளமாக, இழுத்து. நான் அதற்குள் மூன்று தட்டுத் தட்டினேன். நட் விட்டுக்கொடுத்தது. எட்டில் ஒரு சுற்றுப் போதும். நான் காற்சுற்றுக் கழற்றினேன். பிறகு சுவிச்சைப் போட்டேன்.

வெளியே வந்தபோது அண்ணாவின் வலக்கை வைஸுக்குள்ளேயே இருந்தது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். வைஸின் வாயிலிருந்து மேசையில் இரத்தம் வடிந்து, அங்கே கிடந்த அலுமினியச் சுருள்களை நனைத்திருந்தது. அவர் முழங்காலில் நின்றார். கையை வைஸ் பிடித்திருந்ததால் விழ முடியவில்லை. நிலாம் நானா சுவரைப் பார்த்து நின்றார். உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

பாஸ் யாரையும் பார்க்கவில்லை. ஒரு அலுமினியத் துண்டைச் சக்கில் பூட்டி, டூலை நெருக்கி, ஆயிரத்து இருநூறில் ஓடவிட்டார். மெசின் மே மாதத்தைவிட மோசமாக உறுமியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. டூல் துண்டைத் தொட்டதும் அலறல் எழுந்தது. நிறுத்தி, துண்டை எடுத்து நகத்தால் இழுத்தார். கூம்பையும் நகத்தால் இழுத்தார். பிறகு சக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடியது.

அவர் குனிந்து, சக்குக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தார். நுனியில் கிறீஸ் மஞ்சளாக இருந்தது. முகர்ந்தார். என் கையைப் பார்த்தார். என் விரல்களிலும் அதே மஞ்சள் இருந்தது.

"கிறீஸ் புதுசு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் கையைப் பின்னால் மறைத்தேன். பாஸ் கையைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"ஏலாது சேர்" என்றார் நிமிர்ந்து. "இந்தச் சாமான் இந்த மெசினில வெட்டினதில்லை. இது கஞ்சி காய்ச்சுற சட்டி மாதிரி ஆடுது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணா தப்பினார் என்று ஒரு மூச்சு விட்டேன். கட்டச் சேட்டுக்காரன் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இது எந்த மெசின்?"

"இதைப்போல ஒண்டுதான். நல்ல நிலையில இருக்கிறது" என்றார் பாஸ்.

கட்டச் சேட்டுக்காரன் திரும்ப வைஸிடம் போனான். பிடியில் கையை வைத்தான். ஆனால் அண்ணாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். குரலும் மாறியிருந்தது, கடைக்காரரிடம் விலை கேட்பவனைப்போல. என்னைத் தங்கச்சி என்றான், சிங்களத்தில்.

"நங்கி, பில் எழுதுறனீ தானே? ஆரிட்ட என்ன மெசின் நிக்குதெண்டு உனக்குத் தெரியும். நல்ல மெசின் ஆரிட்ட இருக்கு?"

அண்ணா தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, தாங்க முடியாமலா என்று தெரியவில்லை. பிடி சற்று அசைந்தது. அண்ணாவிடமிருந்து வந்தது ஆள் கத்தும் சத்தமாக இல்லை.

மேசையின் மறுகோடியில் மரப்பெட்டி இருந்தது. சிவப்பு எழுத்து.

"தெமட்டகொடை" என்றேன். "ஹுசைன்."

என் சிங்களம் எப்போதும் தடுக்கும். அந்த இரண்டு சொல்லும் தடுக்காமல் வந்தன.

கட்டச் சேட்டுக்காரன் வைஸைத் தளர்த்தினான். அண்ணா நிலத்தில் விழுந்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு விரல்களை வைத்தியர் எடுத்துவிட்டார். மூன்றாவது இருக்கும், மடங்காது என்றார். கேட்டவர்களுக்கு மெசினில் அகப்பட்டது என்று சொன்னோம். வலி மருந்தில் அண்ணா அரைத் தூக்கமாகக் கிடந்தபோது, "மூண்டாம் தரம் நான் கத்தாமப் போக நீ தட்டாம நிண்டாய் என்ன?" என்றார்.

"உங்களுக்குக் கேட்டதா?"

"ரெண்டாம் தரம் கேட்டது. அதுக்குத்தான் மூண்டாம் தரம் வேணுமெண்டே இழுத்துக் கத்தினனான்." பிறகு, "நல்லாத் திருத்தியிருந்தாய் போல. லேசில கழரேல்லை" என்றார்.

வியாழக்கிழமை காலை அண்ணா வேர்க்ஷொப்புக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். கையில் முழங்கை வரை கட்டு. வீட்டில் இருந்தால் வான் சத்தம் கேட்கிறது என்றார். நான் கூடப் போனேன். பத்து மணிபோல ஒரு ஓட்டோ வந்து ஒழுங்கையில் நின்றது. ஹுசைனின் மனைவி பைறோஸா இறங்கி வந்தார். முக்காடு ஒழுங்காக இல்லை. கண் இமைகள் தடித்திருந்தன.

"செவ்வாக்கெழம பகல் கொண்டு போனாங்க" என்று நிலாம் நானாவிடம் சொன்னார். "அதுக்கு முந்தி எங்கட மெசின்ல ஏதோ வெட்டிப் பாத்தாங்க. வழுக்குற மாதிரி வந்திச்சாம். அத அவர்ட மூக்குக்கு முன்னால பிடிச்சிச் சிரிச்சாங்களாம். கடப் பொடியன் சொன்னான். புருவம் கிழியிற வரைக்கும் மெசின்ட கதவுல தலய அடிச்சிருக்காங்க."

நிலாம் நானா கதிரையை இழுத்துப் போட்டார். பைறோஸா உட்காரவில்லை. அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்கள விட்டுட்டாங்களாம். எப்புடி வெளிய வந்தீங்க? யாரப் புடிச்சீங்க? சல்லி எவ்வளவு எண்டாலும் குடுக்கலாம். ஆளச் சொல்லுங்க."

அண்ணா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

நான் மேசையிலிருந்த மரப்பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் பைறோஸாவிடம் நீட்டினேன். ஏன் அதை முதலில் செய்தேன் என்று தெரியாது. அது அவர்களுடையது, திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் மனதில் வந்தது.

"நான்தான் சொன்னனான்" என்றேன்.

"என்னத்த?"

"ஹுசைன் நானாவின்ர பேரை. அது அவற்ற மெசின் இல்லை. இந்த மெசின்தான். நான் பின்னால நட்டைக் கழட்டி ஆடவிட்டனான். பாத்துப்போட்டு இது இல்லையெண்டு சொல்லிச்சினம். வேற ஆர் எண்டு கேட்டவை."

பைறோஸா பெட்டியை வாங்கினார். மூடியிலிருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு அதே பெட்டியால் என் முகத்தில் அடித்தார். முனை புருவத்தில் பட்டது. நான் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடி கன்ன எலும்பில் விழுந்தது. மூன்றாவதில் மூடி கழன்று, டயல் கேஜ் நிலத்தில் விழுந்து கண்ணாடி சிதறியது. யாரும் தடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்க நின்றார்.

"அந்த நட்டத் திரும்பப் பூட்டேலுமா?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம்."

"பூட்டு. பூட்டிட்டு வா. வந்து அவங்களுக்குச் சொல்லு. நான் ஓட்டோல ஈக்கிறன்." வாசலில் திரும்பி, "எனக்கு மூணு புள்ள" என்றார். அவ்வளவுதான்.

இரத்தம் என் வலக்கண்ணுக்குள் போனது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்த கொக்கி ஸ்பனரை எடுத்தேன். இடைவெளிக்குள் பாதி நுழைந்திருப்பேன்.

"பிறிஜெற். வெளியில வா."

"எட்டில ஒரு சுத்துத்தான் அண்ணா."

"தெரியும். வா வெளியில. நான் மெசினை ஓட்டப்போறன், கை போகும்."

நான் பின்னுக்கு வந்தேன். அண்ணா இடக்கையால் கழிவுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இரும்புக் கட்டையை இழுத்து எடுத்திருந்தார். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தது, பழைய பம்பின் உடைந்த பாகம். அதைச் சக்கில் வைத்துப் பிடித்தார்.

"நானா, இதைக் கொஞ்சம் இறுக்கித் தாங்கோ."

நிலாம் நானா என்னைப் பார்க்கவில்லை. சக் சாவியைப் போட்டு, இரண்டு கையாலும் தொங்கி இறுக்கினார்.

கட்டை நடுவில் இல்லை. கனம் முழுவதும் ஒரு பக்கம். ஆடும் பெயாரிங்கில் அதைப் பூட்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு எழுதிக் காட்டத் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு.

"அண்ணா, அவருக்கு மூண்டு பிள்ளையள்."

"கேட்டது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ போய்ச் சொன்னா, வளைவு ஆர் எழுதினது எண்டு கேப்பாங்கள். அதுக்கும் நீ உண்மை சொல்லுவாய். உன்ர கையை அந்த வைஸுக்க பாக்க என்னால ஏலாது. நான் நாலு நாள் கிடந்தது அதுக்காண்டி இல்லை."

அவர் பச்சை பட்டனை அழுத்தினார். வேகத்தைக் கடைசி வரை திருப்பினார்.

முதலில் மெசின் தன் காலில் துள்ளியது. பிறகு அடி அடியாக விழத் தொடங்கி, எண்ண முடியாதபடி சேர்ந்து ஒரே அலறலாகியது. மேசையிலிருந்த சாமான்கள் விளிம்புக்கு நகர்ந்து விழுந்தன. தரையில் கிடந்த கண்ணாடித் துகள்கள் நடுங்கின. பெயாரிங்கின் குண்டுகள் தங்கள் பாதையைக் கொத்திக் கிழிப்பது என் பற்களில் தெரிந்தது. தண்டும் கீறுபடும். அதற்குப் பிறகு எந்த நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த மெசின் ஒரு கூம்பையும் வெட்டாது. எதையும் யாருக்கும் காட்டாது.

சிவப்பு பட்டன் எனக்கு நேர் முன்னால் இருந்தது. காளான்போலப் பெரிய தலை. அவசரத்தில் உள்ளங்கையால் அடிப்பதற்கென்றே வைத்தது. என் கைக்கு ஒரு முழம் இல்லை. ஸ்பனரை அந்தக் கையில் பிடித்திருந்தேன்.

கிறீஸ் கருகும் மணம் வந்தது. தலைப்பாகத்திலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. நான் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். இப்போது அழுத்தினாலும் புதுப் பெயாரிங் போட்டுத் திருத்தலாம். ஒன்றரை நிமிடம். இன்னும் திருத்தலாம், கஷ்டம். இரண்டு நிமிடம். அண்ணா பட்டனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

இரண்டு நிமிடமும் நாற்பது செக்கனும். கன்னத்தில் ஒரு பெரிய அறை விழுந்ததுபோல ஸ்பிண்டில் இறுகி நின்றது. பெல்ட் அறுந்து பின்சுவரில் சுழன்றடித்தது. பிறகு மோட்டார் மட்டும் சுமையில்லாமல், உறுமலில்லாமல், சுத்தமாக ஓடியது.

அண்ணா அதையும் நிறுத்தினார்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். மெசின் இல்லாவிட்டாலும் எனக்கு வாய் இருந்தது. திங்கட்கிழமை அந்த வாய் வேலை செய்ததை எல்லாரும் கேட்டார்கள்.

நான் ஸ்பனரைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். ஒழுங்கையில் ஓட்டோ எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. பைறோஸா இருபது நிமிடம் முடியக் காத்திருந்தார்.